பனியைக் கூப்பிட்ட பாட்டு

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம் அது. மகள் செல்வியைக் காலையில் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா சோமாவதி, பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண். தன் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு வருவாள்.

ஒருநாள் வேலை முடிந்து போனபோது செல்வி என்னைச் சிங்களத்தில் "அம்மே" என்று கூப்பிட்டாள். வழியெல்லாம் சிங்களப் பாட்டு. எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் நான், பிள்ளை சோமாவதிக்கா?

"இனிமே அந்த ஆயா பாட்டெல்லாம் பாடக் கூடாது" என்று செல்வியை அதட்டினேன்.

மறுநாள் மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அங்கே போனேன். உள்ளே என் பாட்டு கேட்டது. செல்விக்குத் தலை சீவும்போது நானே கட்டிப் பாடியது. சோமாவதிதான் பாடிக்கொண்டிருந்தாள்.

"பனியே பனியே எறங்கி வா..."

"வா இல்ல, போ! எங்கம்மா அப்படித்தான் பாடுவாங்க" என்று செல்வி திருத்தினாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

சோமாவதி என்னைப் பார்த்துவிட்டாள். "அக்கே, ஒவ்வொரு புள்ள வீட்டுப் பாட்டும் பழகுறோம். இன்னைக்கு உங்க பாட்டு. எனக்குப் பிழையா வருது. நீங்க பாடுங்களேன்."

பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடினேன். முடித்ததும் அவளுடைய மகன் ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டான். தாய் கூப்பிட்டும் இறங்கவில்லை. நான் பட்ட எரிச்சல் அவள் முகத்திலும் வருமென்று பார்த்தேன். அவளோ கைதட்டிச் சிரித்தாள்.

மலைக்குத் திரும்பும்போதும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அது அவளுக்கு வாய்த்திருந்த அந்த மனதின் மேல்.