நூலகத் தரையில் ஒரு கப்பல்

எங்கள் தெம்பனிஸ் வீட்டுக் கூடத்தில் ஒரு கிரேயான் படம் தொங்குகிறது. சுற்றிலும் கடல். கப்பல் தட்டில் ஒருக்களித்துத் தூங்கும் ஒரு பெண், அவள் கைவளைவில் ஒரு குழந்தை. குழந்தையின் சட்டையில் மட்டும் மஞ்சள் கண்டபடி வழிந்திருக்கும். “யாரும்மா கலர் பண்ணது? லைனுக்கு வெளிய போயிருக்கு லா” என்று என் மகள் சிரிப்பாள்.

அறுபதுகளின் தொடக்கம். சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் எங்களுக்கு ஓவிய வகுப்பு. பாடப்புத்தகம் கிடையாது. அவரவர் வீட்டார் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டு வந்து வரைய வேண்டும், அதுதான் சரித்திரம். என் பாடு திண்டாட்டம். கப்பல் என்று வாயெடுத்தாலே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போடி, வேலையைப் பாரு” என்பாள். என் தாள் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது. டீச்சரிடம் அழுதேன். “அம்மாவைக் கூட்டிட்டு வா. ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா வந்தா போதும்” என்றார்.

சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் விடியுமுன்னே மாவாட்டப் போகிறவள் அம்மா. என் தொல்லை தாங்காமல் வேலை முடிந்த கையோடு வந்தாள். நூலக வாசலில், கோயிலுக்கு வந்தவள் போலச் செருப்பைக் கழற்றினாள். “கப்பல்ல எப்படிப் படுத்து வந்தீங்கன்னு மட்டும் காட்டுங்கம்மா” என்றார் டீச்சர். அம்மா தயங்கித் தயங்கி, குளிர்ந்த தரையில் முந்தானையை விரித்து ஒருக்களித்தாள். மேலே மின்விசிறி சுழன்றது. சற்று நேரத்தில், ஐயோ, நிஜமாகவே தூங்கிப்போனாள்! எனக்கு மானம் போயிற்று. எழுப்பப் போன என்னை டீச்சர் உதட்டில் விரல் வைத்துத் தடுத்தார். நீலக் கிரேயான்கள் தாளில் உரசும் ஓசை மட்டும் கேட்டது. அம்மாவைச் சுற்றி நாங்கள் எல்லோரும் கடல் வரைந்துகொண்டிருந்தோம். அந்த மதியம் நூலகமே மெல்ல அசைந்ததாக எனக்கு இன்றும் ஒரு நினைப்பு.

விழித்தவள் வெட்கத்தோடு ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தாள். ஒரு சீனச் சிறுமியின் படத்தருகே நின்றுவிட்டாள். அதில் மட்டும்தான் குழந்தை இருந்தது. “யார் சொன்னா இந்தப் பிள்ளைக்கு?” என்றாள். குரல் உடைந்திருந்தது. பயந்துபோன சிறுமி தன் கையை வளைத்துக் காட்டி, “கொசோங்” என்று மலாயில் முணுமுணுத்தாள். அம்மாவின் கைவளைவு காலியாக இருந்ததாம், அதனால் வரைந்தாளாம்.

அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். “உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்டி. கப்பல்லயே காய்ச்சல்ல போயிட்டான். கடல்லதான் விட்டோம்.” எனக்கு ஓர் அண்ணன் இருந்ததே அன்றுதான் தெரியும்.

குழந்தையின் சட்டைக்கு இன்னும் நிறம் தீட்டியிருக்கவில்லை. பென்சில்கூடப் பிடித்தறியாத அம்மா, பெட்டியிலிருந்து மஞ்சளைப் பொறுக்கினாள். “இந்தக் கலருதான், இந்தக் கலருதான்” என்று சொல்லிச் சொல்லித் தீட்டினாள். கண்ணை மறைத்த நீரில் கோடு எங்கே தெரிந்தது! சிறுமி படத்தை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. இன்று மகள் மறுபடி சிரித்தபோது சொல்லிவிட்டேன்: “அது உன் மாமாவோட சட்டைடி. பாட்டி போட்டுவிட்டது.”