முதல் லோடு

தண்ணீர் லாரி ஓட்டுகிறவருக்கு ‘தண்ணி வண்டி’ என்று பட்டப்பெயர் வைக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஷெட்டில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் ஆள் பெரிய குடிகாரர் போல என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். அவரோ பீடிகூடத் தொடாதவர். இந்தப் பெயரில் அவர் மகளுக்கு அப்படியொரு சந்தோஷம். “எங்கப்பா தண்ணி வண்டி, ஆனா தண்ணியே போட மாட்டார்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, ரேடியோ. கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாது.

ஊருக்கு வெளியே ஒரு போர்வெல்லில் லாரியை நிரப்பிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் ஊற்றிவிட்டு வருவது அவர் வேலை. வண்டி தாமதமானால் மாடி ஜன்னல்களிலிருந்து ஏச்சு விழும். மனைவி ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் பட்டன் தைத்தாள். ஒற்றை அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. ரேடியோ அந்த இடுக்கில் உட்கார்ந்து படித்து வகுப்பில் முதல் வரிசையில் இருந்தாள்.

பெரிய வகுப்புக்குப் போனபிறகு அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், தணிந்தது. அடிவயிறு வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். வயசுக்கு வந்த பிள்ளைக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்று அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். அதுவும் தணிந்தது போலிருந்தது.

ஒருநாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. அவர் ஒரு குடியிருப்பின் தொட்டியில் குழாயைப் போட்டுவிட்டு நின்றிருந்தார். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய், நடுங்கிக்கொண்டிருந்த மகளை முன்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, அவர் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“பாப்பா ஸ்கூல்ல பாத்ரூம் போவாளா?”

மகள்தான் பதில் சொன்னாள்.

“அங்க கதவே இல்ல டாக்டர். தண்ணியும் வராது. நாங்க யாருமே போக மாட்டோம். காலையில தண்ணி குடிக்காம கிளம்பிட்டா வீட்டுக்கு வர்ற வரைக்கும் தாங்கிடும்.”

அதை ஒரு சாமர்த்தியம் போலச் சொன்னாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றார் அவர்.

“சொன்னா என்னப்பா பண்ணுவ? லாரியோட வந்து நிப்பியா?” என்று காய்ந்த உதட்டோடு சிரித்தாள்.

சிறுநீரில் இருந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். வாரம் முடிவதற்குள் ரேடியோ நின்றுபோனது.

மறுபடி வேலைக்குப் போன அன்று, முதல் லோடை அவர் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினார். தலைமையாசிரியை பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“நாங்க லாரிக்குச் சொல்லலையேப்பா. யார் அனுப்பினாங்க?”

“யாரும் அனுப்பலம்மா. தொட்டி எங்க இருக்கு?”

அப்போதுதான் தலைமையாசிரியைக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. பின்பக்கம் கூட்டிப்போனார். வெடித்துக் கிடந்த தொட்டி, துருப்பிடித்த குழாய், கதவில்லாத கழிப்பறைகள். நாற்றத்தில் நிற்க முடியவில்லை.

“எழுதிக் கேக்காத ஆபீஸ் இல்ல. டீச்சருங்க எல்லாம் எதிர் வீட்டுக்குத்தான் போறோம். நான் காலையில காப்பி குடிக்கிறதையே விட்டுட்டேன்” என்றார் தலைமையாசிரியை. பிறகு, “பிள்ளைங்கள எந்த வீட்டுக்கு அனுப்புறது?” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஷெட்டிலிருந்த வெல்டர் பழைய தகரங்களை வெட்டிக் கதவு செய்து மாட்டினார். தொட்டி விரிசலை இரண்டு பேருமாகச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அதற்குப்பிறகு தினமும் முதல் லோடு பள்ளிக்குத்தான் போனது. விஷயம் முதலாளி காதுக்குப் போக வெகுநாள் ஆகவில்லை.

“இது என்ன தர்ம சத்திரமா? மாடி வீட்டுக்காரங்க போன் பண்ணி என் காதைக் கிழிக்கிறாங்க.”

“முதல் லோடு மட்டும் அங்க. மத்ததெல்லாம் நீங்க சொல்ற இடத்துக்கு. புடிக்கலேன்னா சாவிய இப்பவே வாங்கிக்கங்க முதலாளி.”

முதலாளி இழவுக்கு வந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர். சாவிக்குக் கை நீட்டவில்லை. “சரி சரி, வெள்ளனக் கிளம்பு. இல்லேன்னா அந்தம்மாங்க என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க” என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை.

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஊத்துறீங்க. நம்ம பிள்ளை இருந்தப்ப எங்க போச்சு இந்தத் தண்ணி?” என்றாள் மனைவி. இன்னொரு நாள், “நான் ஒத்தடம் குடுத்தேனே, ஒத்தடம் குடுத்தேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லாரி வருவதை யாரோ படம் எடுத்துப் பரப்பினார்கள். அதுவரை எட்டிப் பார்க்காத அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். குழாய் பதித்தார்கள். அடுத்த கல்வியாண்டில், ஓடு பதித்த கழிப்பறைகளும் கை கழுவ வரிசையாகக் குழாய்களும் வந்துவிட்டன. அவற்றைத் திறக்கிற அன்று தலைமையாசிரியை வீடு தேடி வந்து இருவரையும் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றுதான் மனைவி சொன்னாள். ஆனாலும் கடைசி நேரத்தில் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பேச்சுக்கள் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள், அவரும் கூடவே போனார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினாள். ஒவ்வொரு தாழ்ப்பாளாகப் போட்டு எடுத்துப் பார்த்தாள். “நல்லா விழுது” என்று அவரிடம் சொன்னாள். பிறகு கடைசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதை மீறி அவள் அழுவதும் கேட்டது. கூட்டம் முடிந்து வந்த பிள்ளைகள் வெளியே வரிசையாக நின்றார்கள். தட்ட வேண்டாம் என்று அவர் சைகை காட்டினார். ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு, “அத்தை, எனக்கு அவசரம்” என்று கத்தியது.

தண்ணீர் நின்றது. மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“போ கண்ணு. தாழ்ப்பாள் போட்டுக்கோ” என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, ரேடியோவோடு படித்த பெண்கள் சிலர் எதிரே வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் வளந்துட்டாளுங்க” என்றாள்.

“ஆமா” என்றார் அவர்.

மறுநாளிலிருந்து முதல் லோடு அடுக்குமாடிக்கே போனது.