சாணக் கரைசலுக்குக் காப்புரிமை

சாண எரிவாயுத் தொட்டியில் கைவிட்டவர்களுக்குத்தான் அந்த நாற்றம் தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுத் தொட்டியோடு தொண்ணூறுகள் முழுக்கக் கட்டி அழுதவள் நான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானச் சோறு மூட்டை மூட்டையாக வீணாகும். அதைத் தொட்டியில் கொட்டினால் புளித்துப்போய், வாயு உண்டாக்கும் கிருமிகள் செத்து, அடுப்பு அணைந்துவிடும். நான் முதலில் ஒரு கைப்பிடி, அடுத்த பௌர்ணமிக்கு ஒரு சொம்பு என்று போட்டுப் போட்டு அந்தக் கிருமிகளைச் சோற்றுக்குப் பழக்கினேன். கடைசியில் கூடை கூடையாகத் தின்றன. அந்தக் கரைசலைக் கேட்டவர்களுக்கெல்லாம் உறைமோர் கொடுப்பதுபோல வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு அடுப்பும் எரிந்தது.

இது உன் கண்டுபிடிப்பு என்று அரசாங்கமே எழுதித் தரும், காப்புரிமைக்கு மனுப் போடு என்றான் என் தம்பி. எனக்கு ஆசை வந்துவிட்டது. ரேஷன் கார்டில்கூட நான் இன்னாரின் மனைவிதான். இது வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாக, இரண்டு வருடமாக உபயோகிக்கிறோம் என்று பத்து வீட்டுப் பெண்களிடம் கைநாட்டு வாங்கி மனுவோடு இணைத்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

சென்னைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"கிருமிதானேம்மா வேலை செய்யுது? நீங்க என்ன செஞ்சீங்க?" என்றார் அதிகாரி.

"நான் பழக்குற வரைக்கும் அது செத்துக்கினுதான சார் இருந்துச்சு?"

அதை அவர் ஒப்புக்கொண்டார். பிறகு கைநாட்டுத் தாள்களைத் தட்டிக் காட்டினார். மனுப் போடும் முன்பே ஊரே உபயோகித்துவிட்டதால் இதைப் புதியது என்று ஏற்க முடியாதாம்.

சீ என்றாகிவிட்டது. ஒருவருக்கும் கொடுக்காமல் மூடி வைத்திருந்தால் கண்டுபிடிப்பு, கொடுத்தால் ஒன்றுமில்லை. என்ன கண்றாவிச் சட்டம் இது? பஸ்ஸில் திரும்பும்போது, வாளி வாளியாக ஊற்றிக் கொடுத்த என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வாங்கிப் போனவளுங்களாலதான் எல்லாம் போச்சு, இனி ஒருத்திக்கும் ஒரு சொட்டு கிடையாது என்று வீட்டில் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் மத்தியானம் எதிர்வீட்டுக்காரி வாளியோடு வாசலில் நின்றாள். இவளுக்கு வெட்கமே இல்லையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். வாளி நிறையக் கரைசல் இருந்தது. புடவையெல்லாம் வழிந்து நாறியது.

"எங்க தொட்டியிலேர்ந்து மொண்டுட்டோம்க்கா. வாங்கினதத் திருப்பிக் குடுத்துட்டோம்னு எழுதிக் கைநாட்டு வெக்கறோம். அப்ப உனக்குக் குடுப்பாங்களா?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வாளிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.