ஜெயசீலி சிஸ்டரின் கம்பளிக் காலுறை

"சம்பத், கண்ணுல லைட் அடிக்கிறேன்பா, கூசும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயசீலி சிஸ்டர் இமையை விலக்குவார். இயந்திரம் மூச்சுவிட வைத்திருக்கும் ஆளிடம் இந்தப் பேச்சு. "யார்கிட்ட சிஸ்டர் பேசறீங்க?" என்பார் டாக்டர் யக்ஞநாராயணன்.

"இவருக்குக் கேக்காதுன்னு நீங்க எழுதிக் குடுக்கிற வரைக்கும் பேசுவேன் சார்."

தாம்பரத்துத் தனியார் மருத்துவமனையில் மூளைச்சாவோ என்று சந்தேகிக்கப்படும் நோயாளிகள் அவர் பொறுப்பு. உறுப்புதானச் சட்டம் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கண் காயாமல் சொட்டு மருந்து, மணிக்கொருமுறை சிறுநீர் அளவு என்று, கொடுக்கப்போகிற உடம்பையும் வீட்டுக்குப் போகப்போகிற உடம்பாகவே பார்ப்பார். ஏசி குளிருக்கு, ரயில்வே கார்டான தன் கணவரின் கம்பளிக் காலுறையை மாட்டிவிடுவார். சாவு உறுதியானதும் கழற்றி, வீட்டில் துவைப்பார். இதுவரை ஏழு முறை துவைத்திருக்கிறார்.

கார்த்திகை மழையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, விடியும்வரை பள்ளத்து நீரில் கிடந்தவர் சம்பத். லைட் அடித்தும் கண்பாவை சுருங்கவில்லை, தொண்டையில் குழாய் விட்டும் இருமல் இல்லை. பிழைக்கமாட்டார் என்று அவர் மனைவி பச்சையம்மாவிடம் யாரோ சொல்லியாயிற்று. "அவரு கண்ணு, கிட்னி யாருக்காச்சும் ஆவும்னா எட்துக்கோங்க சிஸ்டர். எங்க கையெழுத்துப் போடணும்?" என்று உறுப்புதானச் சம்மதத் தாளை மடியில் வைத்திருந்தாள்.

மூளைச்சாவை உறுதிசெய்யும் முதல் பரிசோதனை அன்று மதியம். குறிப்பேட்டில் உடம்புச் சூடு மூன்று முறையும் தொண்ணூற்று நாலு.

"மூணு தடவையும் அதேவா? நம்ம தெர்மாமீட்டர்ல அதுக்குக் கீழ கோடே கிடையாதே!" என்றார் சிஸ்டர்.

பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு ஓடி, குறைமாதக் குழந்தைகளுக்கு வைக்கும், இன்னும் கீழே வரை காட்டும் தெர்மாமீட்டரை வாங்கிவந்தார். எண்பத்தேழு!

"டெஸ்ட் வேணாம் சார். உடம்பு இவ்வளவு ஜில்லுன்னு இருந்தா உசிரோட இருக்கிற மூளைகூடச் செத்தமாதிரிதான் தெரியும், எதையும் நம்ப முடியாது."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நல்லவேளை" என்றார்.

ஏசியை அணைத்தார்கள். போர்வைகள், வெதுவெதுப்பான சலைன். சாயங்காலம் தொண்ணூற்றாறு.

"சம்பத், சளி எடுக்கக் குழாய் விடறேன். இருமல் வந்தா இருமிடுப்பா."

இருமினார். பால் புரையேறிய குழந்தைபோலச் சின்னதாக. "இன்னொரு தடவை" என்றார் டாக்டர். மறுபடியும் இருமல். "அப்பாடா!" என்று அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பச்சையம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இன்னா சிஸ்டர், சளி புட்ச்சிக்கிச்சா அவருக்கு?"

"ஆமாம்மா, இருமறாரு. முழுசாத் தேறுவாரான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா இருக்காரு. அந்தத் தாளைக் குடு."

பச்சையம்மா தாளைக் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

டியூட்டி முடிந்து கைப்பையோடு கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தார் சிஸ்டர். குனிந்து, நழுவியிருந்த இடது காலுறையைக் குதிகால் மறையும்படி மேலே இழுத்துவிட்டார்.