மணவாளனின் ஒன்றரை கிகாஹெர்ட்ஸ்

மணவாளனுக்கு நாற்பத்தேழு வயது. மண்ணூர்பேட்டையில் பாகங்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக், ஃபிக்ஸ்சர் செய்துகொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் இருபத்திரண்டு வருடம் டிராயிங் போட்டவர். பட்டறை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன இடத்தில் எல்லாம் முதலில் வயதைக் கேட்டார்கள், பிறகு முப்பரிமாண மாடல் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்காவது பதில் வேண்டும் என்று ஒரு பழைய லேப்டாப்பை வாங்கிவந்து, திருமுல்லைவாயில் வீட்டில் சமையலறையை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார்.

அதன் ப்ராசஸர் பத்து வருடத்துக்கு முந்தையது, அன்றைக்கே விலை குறைந்த ரகம். இரண்டு கோர், ஒன்றரை கிகாஹெர்ட்ஸ். மற்ற ப்ராசஸர்கள் வேலை கூடும்போது கொஞ்ச நேரம் எகிறி ஓடும். இதற்கு அந்தப் பாய்ச்சலே கிடையாது. ராம் நான்கு ஜிபி, போர்டோடு ஒட்டியது, கூட்ட வழியில்லை. கடைக்காரர் இதில் எதையும் சொல்லவில்லை. மணவாளன்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து, பழைய லேத்தைப் பழகுவதுபோல் அதைப் பழகிக்கொண்டார். பழைய லேத்தில் ஒரேயடியாக ஆழமாக வெட்டக் கூடாது, மெல்லிசாகப் பல தடவை வெட்ட வேண்டும். அதேபோல போல்ட்டு, நட்டுகளை எல்லாம் மறைத்துவைத்து, ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் திறந்து வேலை செய்வார். நாற்பது பாகம் சேர்ந்த அசெம்ப்ளி திறக்க நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் பால் பொங்கிவிடும் என்பாள் அவர் மனைவி சுரேகா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் தைக்கப் போவதில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

முன்பு பட்டறைக்கு வேலை கொடுத்த தினேஷ் இப்போது குமணன்சாவடிப் பக்கம் ஒரு டிசைன் கம்பெனியில் இருந்தான். அவன்தான் போன் செய்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிராயிங் வரும், ஒரு மணிக்குள் மாடல் செய்து, அசெம்ப்ளி சேர்த்து, அவர்கள் அனுப்பும் லிங்க்கில் ஏற்றிவிட வேண்டும். சரியாக இருந்தால் வேலை.

"எங்க மேனேஜர் நாப்பத்தஞ்சுக்கு மேல ஆள் பாக்கவே மாட்டார் சார். உங்களுக்காக ஒரு தடவ கேட்டு வாங்கியிருக்கேன்" என்றான்.

ஒரு தடவை என்று அவன் சொன்னது மணவாளனுக்கு நன்றாகவே கேட்டது. செவ்வாய்க்கிழமை கடிகாரம் வைத்துத் தானே ஒரு பரீட்சை எழுதிப் பார்த்தார். பதினெட்டு நிமிடம் மிச்சமிருந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. பட்டறையில் பூஜை அவர் பொறுப்புதான். பொட்டை மிஷின் கவர்மேல்தான் வைக்க வேண்டும், டூல் நகர்கிற இரும்புத் தளத்தின் பக்கம் ஒரு துளி குங்குமம் விழக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். யாராவது மறந்தால் எல்லார் முன்னாலும் திட்டுவார். இந்த வருடம் பலகைமேல் லேப்டாப் மட்டும் இருந்தது. பார்க்க வந்த துலுக்கானம் அதே பட்டறையில் மில்லிங் ஆபரேட்டராக இருந்தவர், இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"இன்னா அண்ணாத்தே, எலுமிச்சம்பழம் வெச்சிகினு கீற? இதுக்குச் சக்கரமே இல்லியே, எங்க வெச்சி நசுக்குவ?"

சுரேகா வாய்விட்டுச் சிரித்தாள். மணவாளனும் சிரித்துக்கொண்டே சந்தனத்தைக் குழைத்தார். மூடி வழவழவென்று இருந்ததால் சந்தனம் நிற்காமல் வழுக்கியது. பக்கவாட்டில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருந்த இடம் சொரசொரப்பாக இருந்தது. அங்கே மூன்று பொட்டு வைத்து, மேலே தாராளமாகக் குங்குமம் வைத்தார். நன்றாகப் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். விஜயதசமி நல்ல நாளுக்காக ஒரே ஒரு கோடு போட்டு மூடிவைத்தார். வெள்ளிக்கிழமை திறக்கவே இல்லை. பெரிய வேலைக்கு முன்னால் மிஷினுக்கு ஓய்வு கொடுப்பது அவர் வழக்கம்.

சனிக்கிழமை டிராயிங் வந்ததும் தைரியம் வந்தது. முப்பத்தெட்டு பாகம், கிளாம்பிங் ஃபிக்ஸ்சர். அப்படி நூறு போட்டிருப்பார். முதல் அரை மணி நேரம் சரியாகவே போனது. பிறகு மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்து நகர்ந்தது. மேஜை சுட்டது. வேகம் காட்டும் கட்டத்தைத் திறந்தார். ஒன்றரை இருக்க வேண்டிய இடத்தில் 0.62 என்று இருந்தது. மற்ற எல்லாவற்றையும் மூடினார், விசிறியை அதன் பக்கம் திருப்பினார். 0.60. பாகங்களை ஒருவழியாக முடித்து அசெம்ப்ளியில் சேர்த்தபோது பன்னிரண்டே முக்கால். ஏற்றுவதற்கு முன் சரிபார்க்க அசெம்ப்ளியைத் திறந்தார். நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கும் சுற்றியது. ஒன்று பத்துக்கும் சுற்றியது.

தினேஷ் கூப்பிட்டான். குரல் தணிந்திருந்தது.

"லிங்க் தானா மூடிக்கும் சார், என் கையில இல்ல. சிஸ்டம் ஸ்லோன்னு மேனேஜர்ட்ட சொன்னேன். எல்லாரும் அதான் சொல்லுவாங்கன்னுட்டார்."

மணவாளன் பரவாயில்லப்பா என்றார். பிறகு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினார். ஃபேன் சுற்ற முடியாமல் சிக்கி நின்றிருந்தது. இறக்கைகளின் நடுவிலும், காற்று வெளியே போகிற செம்புத் தகடுகளின் இடுக்கிலும் சந்தனமும் குங்குமமும் சூட்டில் வெந்து, ஓடுபோல் இறுகிப்போயிருந்தன. பட்டறையில் வேறு யாராவது செய்திருந்தால் என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்பது அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் வந்தது.

ஓவர்டைம் முடிந்து சுரேகா வரும்போது நான்கு மணி. வாசலில் செருப்பை விடும்போதே கேட்டாள்.

"இன்னாங்க, அனுப்பிட்டீங்களா?"

"பழசுதானே, தாங்கல" என்றார்.

"அன்னிக்கே சொன்னேன், கடக்காரன் ஏமாத்திட்டான்னு" என்று அவள் முகம் கழுவப் போனாள். அவர் ஃபேனிலிருந்து குண்டூசியால் சுரண்டிய சிவப்புத் தூளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

மூடியைப் பொருத்தி லேப்டாப்பைப் போட்டார். ஃபேன் மெல்லிய சத்தத்தோடு சுற்றியது. வேகம் ஒன்றரை. அசெம்ப்ளி நான்கே நிமிடத்தில் திறந்தது. முப்பத்தெட்டு பாகங்களும் ஒன்றில் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தன. உள்ளே சுரேகா பாலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் அந்த ஃபிக்ஸ்சரை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பிழையும் இல்லை.