மூன்றாம் தரம் கேட்க வேண்டிய பேருரை

பரீட்சைக் கிளையில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டுக் கல்விசார் கிளைக்கு மாறி வந்த முதல் மாதத்திலேயே, ஒரு பேராசிரியரின் வாழ்நாள் ஆசைக்கு மேல் சிவப்புப் பேனையால் கோடு போட்டவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. பரீட்சைக் கிளையில் வந்தவன் வந்தவன்தான், வராதவன் வராதவன்தான். வர மனமிருந்தும் வராதவனுக்கென்று எந்த வரவுத்தாளிலும் தனி நிரல் கிடையாது.

1. பட்டியல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு ஒரு கௌரவப் பேருரை நடக்கும். பேசுகிறவர் சேவையில் இருக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு இடமில்லை. பீடாதிபதிகள் பெயர் அனுப்புவார்கள். தெரிவுக்குழு கூடி, றோல்ஸ் சாப்பிட்டு, பெயர்களை ஒழுங்குபடுத்தும். பிறகு மேலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுச் சம்மதம் வாங்குவது கிளை லிகிதரின், அதாவது குமாஸ்தாவான என்னுடைய, வேலை. பேசியவருக்குப் பொன்னாடையும், நூலக வாசலில் சட்டம் போட்ட படமும் கிடைக்கும்.

அந்த வருடம் முதல் பெயர் விவசாய பீடப் பேராசிரியர் ஒருவருடையது. சின்ன வெங்காயத்துக்கு வரும் நோய்களை முப்பது வருடம் ஆராய்ந்தவர். மாணவர்கள் வைத்த பெயர் வெங்காயச் சேர். முன்பு இரண்டு வருடம் இரண்டாம் இடத்தில் நின்று பேருரையைத் தவறவிட்டவர். டிசம்பரில் அவருக்கு ஓய்வு. இதை விட்டால் இனி இல்லை.

தொலைபேசியில் விசயத்தைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டேன்.

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை உதெல்லாம்? இளம் ஆக்கள் இருக்கினம். அவையளிட்டைக் கேளுங்கோவன்."

"சரி சேர்" என்று வைத்துவிட்டேன். பெயருக்கு மேல் கோடு. பக்கத்தில் "மறுத்தார்", அதற்குக் கீழே நேரம். பத்து நாற்பது.

இரண்டாவது பௌதிகவியல் பேராசிரியை. தனக்குத் தொண்டை சரியில்லை என்றார். பேருரைக்கு இன்னும் நான்கு மாதம் கிடந்தது. மூன்றாமவர், தன்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றார். யார் என்று கேட்டேன். சொல்லவில்லை. நான்காவது கணினித்துறை விரிவுரையாளர் நிரூஜன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆறு மாதம்தான். "ஓம். எத்தினை மணிக்கு?" என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. பதினொன்றரைக்குள் கடிதம் போய்விட்டது. இந்தக் கிளையில் ஏன் எல்லா வேலைக்கும் மாதக்கணக்கு எடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

2. லீவு

அடுத்த கிழமை வெங்காயச் சேர் என் மேசைக்கு வந்தார். தனக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் என்று கேட்டார். சொன்னேன். போகாமல் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் கழித்து வந்து அதே லீவுக் கணக்கைக் கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டபோது, மனுசனுக்கு மறதி வந்துவிட்டது, பாவம், அதுதான் பேருரையை வேண்டாம் என்றிருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன்.

அவர் போனதும் எங்கள் அலுவலக உதவியாளர் துரை அண்ணை பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, பேருரைக்கு அவரை எத்தினை தரம் கேட்டனீங்கள்?"

"ஒருக்கா."

"ஒருக்காவோ?"

கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு அவர் எனக்குப் பாடம் எடுத்தார். முதல் தரம் கேட்பது செய்தி சொல்வதற்கு. இரண்டாம் தரம் மரியாதைக்கு. மூன்றாம் தரம்தான் உண்மையான கேள்வி. அந்த மூன்றாம் தரத்துக்கு, எனக்கு முன்னிருந்த லிகிதர் வீட்டுக்கே போவாராம். கேட்டவுடனே ஓமென்றால், இதுக்குத்தானே இவ்வளவு நாளும் அலைஞ்சவர் என்று சனம் கதைக்கும்.

"சேரின்ரை தம்பி கனடாவிலையிருந்து வர டிக்கெற் போட்டிட்டார். கோட்டுக்கு அளவும் குடுத்தாச்சு. நீங்கள் மறுத்தவர் எண்டு எழுதிப்போட்டியள்."

நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். கலியாண வீட்டுப் பந்தியில் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்து, பிறகும் போட்டால் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். ஒபிஸ் கதிரையில் இருந்ததும் அது எப்படி மறந்ததோ தெரியாது. மெத்த வெட்கமாக இருந்தது.

3. தட்டு

நிரூஜனிடம் ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதுக்கென்ன மிஸ், நான் அடுத்த வருசம் செய்யிறன்" என்றார். தெரிவுக்குழுத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டு புதுக் கடிதத்தில் ஒப்பம் வைத்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உரும்பிராயில் சேர் வீட்டுக்குப் பறந்தேன்.

சேர் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை, விடுங்கோ. அந்தத் தம்பிக்குக் குடுத்திட்டியள் எண்டு கேள்விப்பட்டனான். நல்ல பெடியன்."

இந்த வேண்டாம் வேறு. குரல் விழுந்திருந்தது. பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

அப்போது அவருடைய மனைவி தேத்தண்ணீரோடு வந்தார். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன், வேண்டாம் அக்கா என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கோப்பையைக் கையில் தந்துவிட்டு, தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் குடித்து முடித்தேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கடிதத்தை அந்தத் தட்டில் வைத்து, மேலே பேனையையும் வைத்து, பேசாமல் சேருக்கு முன்னால் தள்ளினேன்.

பேப்பர் மெல்ல இறங்கியது. "எனக்கென்னத்துக்கு உதெல்லாம்" என்றபடியே ஒப்பம் வைத்தார். குசினிக்குள் இருந்து, தைக்கக் குடுத்த கோட்டை நாளைக்கு எடுக்கலாம் என்று மனைவியின் குரல் வந்தது.

ஒரு மணித்தியாலப் பேருரை ஒன்றே முக்கால் மணித்தியாலம் போனது. கனடாத் தம்பி முன்வரிசையில் நின்றபடி முழுவதையும் வீடியோ எடுத்தார். பின்வரிசைக்காரர்களுக்குத் திரையிலிருந்த வெங்காயமும் தெரியவில்லை, சேரும் தெரியவில்லை, தம்பியின் முதுகுதான் தெரிந்தது. ஆனாலும் நன்றாகக் கைதட்டினார்கள்.

4. என் முறை

இந்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்தவளும் பரீட்சைக் கிளைக்காரிதான். பிரியாவிடைக் கூட்டத்தில் நான் பேசுவேனா என்று தொலைபேசியில் கேட்டாள். எனக்கு என்னத்துக்கு என்றேன். "சரி மிஸ்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்தன்று நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை. கைப்பைக்குள் நாலு பக்க உரை கிடந்தது. கேட்கவும் மனமில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் மறுத்தார் என்று எழுதுமுன் இன்னும் இரண்டு தரம் கேள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதது என் பிழை. இதை வாசிக்கிற இளம் லிகிதர்களுக்காவது இப்போது சொல்லிவைக்கிறேன்.

நன்றியுரைக்கு ஆள் எழும்பியபோது, பின்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார். வெங்காயச் சேர். அந்த வெயிலிலும் அதே கோட்டு.

"கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை, ரெண்டாம் தரமும் மூண்டாம் தரமும் சேர்த்து நான் கேக்கிறன். வந்து கதையுங்கோ."

"வேண்டாம் சேர்" என்றேன். அதற்குள் கைப்பையின் சிப் பாதி திறந்திருந்தது.