அண்ணி விரட்டிய ஆந்தை

போன மாதம் என் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து நானும் போயிருந்தேன். கேசரி பிரமாதம். பையனும் லட்சணமாக இருந்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... எலி வருகிற வரைக்கும்!

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

அண்ணன் அலோர் ஸ்டார் பக்கத்தில் நெல் போடுகிறார். எங்கள் குடும்பத்தில் ரப்பர் வெட்டியவர்கள் உண்டு, எண்ணெய்ச் செம்பனைக் குலை அறுத்தவர்கள் உண்டு, ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள் உண்டு. பெண்டாங் என்கிற நெல்வயல் சேற்றில் இறங்கியது இவர் ஒருவர்தான். குத்தகை நிலம், வயலோரத்திலேயே வீடு. சரியான பிடிவாதக்காரர்.

அவருக்கு ஒரே விரோதி எலி. முன்பெல்லாம் அந்த வட்டாரமே ஒரு சமயத்தில் விதைக்கும், ஒரு சமயத்தில் அறுக்கும். அறுத்து முடித்தால் எலிக்குப் பட்டினி. இப்போது மழைக்கும் ஆற்றுக்கும் நேரங்காலம் தெரிவதில்லை. வாய்க்கால் தண்ணீர் இந்தப் பக்கம் இன்றைக்கு வந்தால், அந்தப் பக்கம் அடுத்த மாதம். ஒரு வயலில் நாற்று, பக்கத்து வயலில் கதிர். எலிக்கு என்ன கவலை? வருஷம் முழுக்கக் கல்யாணச் சாப்பாடு!

விஷம் வைத்துப் பார்த்தார். எலி செத்தது. அதைத் தின்ற பாம்பும் செத்தது, பக்கத்து வீட்டுப் பூனையும் செத்தது. அடுத்த போகத்துக்கு எலி மட்டும் திரும்பி வந்தது.

அப்போதுதான் பக்கத்து வயல் மலாய்க்காரர் பாக் மான் ஒரு வழி சொன்னார். ஒரு கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வை, ஆந்தை தானாகக் குடிவரும், எலியை அது பார்த்துக்கொள்ளும் என்றார். மலாயில் ஆந்தைக்குப் பெயரே பேய்ப் பறவை. அந்த மனுஷரே பயப்படவில்லை, நமக்கென்ன என்று அண்ணனும் பெட்டி வைத்தார். ஆந்தை வந்தது. அந்தப் போகம் கதிர் தப்பியது.

அண்ணிதான் தப்பவில்லை. பொழுது சாய்ந்தால் போதும், வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் — பழைய வேட்டியை யாரோ கிழிப்பது மாதிரி. அண்ணி உடனே கற்பூரம் ஏற்றுவார். ஆந்தை அலறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் கட்சி. எலி தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்பது அண்ணன் கட்சி. இரண்டு கட்சிக்கும் பஞ்சாயத்து நான், போனில்.

பெண் பார்க்கத் தேதி குறித்ததும் அண்ணி தீர்ப்பே எழுதிவிட்டார்.

“தம்பி, உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. ஒண்ணு அந்தப் பொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

அண்ணன் மகள் தர்ஷினிக்குப் பையனை ஏற்கெனவே பிடித்திருந்தது. “அம்மா சொல்றபடியே செஞ்சிடுங்க லா சித்தப்பா” என்று அவளும் கெஞ்சினாள். பிறகு யார் எதிர்த்து நிற்பது? அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியை இறக்கினார். நல்லவேளை, உள்ளே குஞ்சு இல்லை. ஆனால் கதிர் பால் பிடிக்கிற நேரம்.

எலிக்குச் செய்தி போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? வயலில் பெருத்து, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். தர்ஷினி காப்பித் தட்டோடு வந்து நின்ற நேரம் பார்த்து, சாமி அறையிலிருந்து கொழுத்த எலி ஒன்று கிளம்பியது. ஹால் நடுவே நடந்தது — ஓடவில்லை, நடந்தது — அந்த அம்மாவின் காலைத் தாண்டிப் போனது. பின்னாலேயே இன்னொன்று. அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சம்பந்தம் போச்சு என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த அம்மா காலை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

“வயலோரமா இருக்கீங்க, ஆந்தைப் பொட்டி வைக்கலையா? எங்க தோட்டத்துல செம்பனைக்கு நடுவுல வரிசையா இருக்கும். அது சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன். அண்ணி யாரையும் பார்க்கவில்லை.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. மறுநாளே பெட்டியும் கம்பத்தில் ஏறிவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அண்ணி! ஆனால் ஆந்தை என்ன வாடகைக்காரனா, சாவியைக் கொடுத்ததும் திரும்பி வர? இன்னும் வரவில்லை. வயலில் ஒரு மூலை முழுக்க எலி வெட்டிச் சாய்த்துவிட்டது. மனசு கேட்காமல் அண்ணன் மறுபடி விஷம் வாங்கக் கிளம்பியிருக்கிறார். அண்ணிதான் மறித்தாராம். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் செத்துவிட்டால்?

சகுனம் பார்ப்பதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பூனை குறுக்கே போனால் காரை ஸ்லோ பண்ணுகிற ஆள்தான் நானும். ஆனால் வயல்காரன் வீட்டில் எது கெட்ட சகுனம் என்று இப்போதுதான் புரிகிறது. அலறல் நின்றுபோவது.

நேற்று சாயங்காலம் போன் செய்தேன். அண்ணி வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சத்தம் கேட்டதா என்றேன்.

“இல்ல தம்பி... வந்துடும். கல்யாணத்துக்குள்ள வந்துடும்.”

பத்திரிகை அடித்தாயிற்று. முக்கிய விருந்தாளியைத்தான் இன்னும் காணோம்.